எஞ்சினுக்கு எதற்கு மூடி

கார் வாங்கியதே குழந்தையைத் தூங்க வைக்கத்தான். வெளியில் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. மழைக்காலம் வரப் போகிறது, கைக்குழந்தையோடு பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது, அவசரத்துக்கு டாக்சி கிடைப்பதில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னார்கள். அவையும் பொய்யில்லை. ஆனால் நிஜமான காரணம் தொட்டிலில் கிடந்தது. பிறந்து மூன்றாம் மாதம். பகலெல்லாம் கண்ணை உருட்டிக்கொண்டு சமர்த்தாகக் கிடக்கும். சாயங்காலம் ஆனதும் ஆரம்பிக்கும் பாருங்கள், மூன்று மாடிக்கும் கேட்கும். எதிர்வீட்டுக்காரர் "என்ன, சைரன் இன்னைக்கு லேட்டு?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார். அதோடு அவள் பெயர் சைரன் ஆகிவிட்டது. பெற்றவர்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். "சில குழந்தைங்க அப்படித்தாம்மா. தானாச் சரியாப் போயிடும்." அவர் வீட்டுக்குப் போய்விடுவார். இவர்களும் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

குழந்தையின் அப்பாவுக்கு அச்சு என்று பெயர். அதுவும் வேலை வைத்த பெயர்தான். பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கிற ஆலையில், எந்திரத்தில் அச்சுகளை மாட்டிக் கழற்றுகிற வேலை அவனுக்கு. ஒரு வாரம் வாளி, ஒரு வாரம் நாற்காலி, ஒரு வாரம் கார்களுக்குள் போகிற ஏதாவது கறுப்புத் துண்டு. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்து, ஆறி, தட்டென்று கீழே விழும்போது சூடாக ஒரு வாசனை வரும். அந்த வாசனை அவன் சட்டையிலிருந்து போவதே இல்லை. அவன் மனைவிக்கு அது பழகிவிட்டது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்; பிரசவ விடுப்பில் இருந்தாள்.

அவளுக்கு ஓர் அக்கா. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள், கேட்டுக் கேட்டு எல்லாரும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். வாகனச் சோதனை நிலையத்தில் வேலை. வருகிற வண்டி ரோட்டில் ஓடலாமா கூடாதா என்று முடிவு சொல்வது அவள்தான். சட்டைப் பையில் எப்போதும் பேனா அளவுக்கு ஒரு டார்ச் இருக்கும். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளை ஆபீசர் என்றுதான் சொல்வார்கள். ஆபீசராவதற்கு முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது.

கார் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீசர் அதைப் பார்க்க வந்தாள். பழைய கார்தான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. கட்டடத்தின் கீழே, தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அச்சு ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஆபீசர் டயரை அழுத்திப் பார்த்தாள். குனிந்து அடியில் டார்ச் அடித்தாள். பானட்டைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை, இது எதுக்கு?"

எஞ்சினின் மேல், அதன் தலையையே மறைத்துக்கொண்டு, ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருந்தது. வழவழப்பாக, நடுவில் கோடுகள் போட்டு.

"எஞ்சின் கவர் அண்ணி."

"அது தெரியுது. எதுக்குன்னு கேட்டேன். இதைக் கழட்டி வீட்டுல வைங்க."

அச்சு துணியைக் கீழே வைத்தான். "எதுக்குக் கழட்டணும்?"

"எங்க ஸ்டேஷனுக்கு வர்ற வண்டியில பாதி இப்படித்தான். மேல பாத்தா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும். இதைத் தூக்கிப் பாத்தா உள்ள ஆயில் கசிஞ்சு, சருகு சேர்ந்து, எலி பொண்டாட்டி பிள்ளையோட குடித்தனம் பண்ணும். வண்டிக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. ஏன்னா மூடி வெச்சிருக்கு. மூடாம இருந்தா தினம் கண்ணுல படும்ல?"

"கம்பெனிக்காரன் சும்மா வெப்பானா அண்ணி?"

"அழகுக்கு வெப்பான்."

அச்சுவுக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. இந்தக் கவரை வார்த்தது அவன் ஆலை இல்லை. ஆனாலும் அது அவன் ஜாதிச் சாமான். ஒரு மூலையைப் பிடித்து லேசாகத் தூக்கிக் காட்டினான். அடியில் சாம்பல் நிறத்தில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது.

"இந்த ஸ்பாஞ்ச் எதுக்குன்னு நெனைக்கிறீங்க? சத்தத்தை அடக்குறதுக்கு. தூசி, தண்ணி மேல படாம இருக்கறதுக்கு. இந்த மூலை வளைவைப் பாருங்க, இது கோணாம, வெடிக்காம அச்சுலேருந்து எடுக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு ஆளு மண்டையை உடைச்சுக்கிட்டு இதைச் செஞ்சிருக்கான். வெறும் அழகுக்குன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க."

"மண்டையை உடைச்சுக்கிட்டவன் வந்து உங்க ஆயிலைப் பாப்பானா?"

"அக்கா, விடேன்," என்றாள் தங்கை.

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன். உங்க வண்டி, உங்க இஷ்டம்," என்று ஆபீசர் பானட்டை மூடினாள். உங்க இஷ்டம் என்று அவள் சொன்னால், அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். தங்கைக்கு அது தெரியும்.

அன்று சாயங்காலம் சைரன் ஆரம்பித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு புருஷனும் மனைவியும் கிளம்பினார்கள். குழந்தை இருக்கையில் அவளைக் கட்டிப் படுக்க வைத்து, அச்சு ஓட்ட, தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் நகர்ந்ததும் அழுகை நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அழுகை நின்றதே ஒழியத் தூக்கம் வரவில்லை. கார் எவ்வளவு நேரம் ஓடியதோ அவ்வளவு நேரமும் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஆற்றுப் பாலம் வரைக்கும் போனார்கள், சந்தை வழியாகச் சுற்றி வந்தார்கள், பெட்ரோல் போட்டார்கள். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தியதும், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். மறுநாளும் அதே கதை.

"இதுக்கு நாம ஒரு கூரையே வாங்கியிருக்கலாம்," என்றான் அச்சு.

புதன்கிழமை தடுப்பூசி போட வேண்டியிருந்தது. அச்சுவுக்குப் பகல் வேலை. ஆபீசர் தன் வேலை முடிந்து மத்தியானமே வந்துவிட்டாள். காரை அவளே ஓட்டுவதாக ஏற்பாடு. தங்கை குழந்தைக்குத் துணி மாற்றி, பையை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது, பானட் திறந்திருந்தது. கறுப்புக் கவர் டிக்கியில் கிடந்தது.

"அக்கா!"

"சும்மா இரு. நாலு மூலையும் பிடிச்சு இழுத்தா வந்துடுது. இங்க பாரு." டார்ச் வெளிச்சம் எஞ்சினின் ஓரமாக ஒரு இடத்தில் நின்றது. அங்கே ஈரமாக, மினுமினுப்பாக, விரல் அகலத்துக்கு ஒரு கறை. "ஆயில். கசியாம அடைக்கிற கேஸ்கெட் போயிருக்கு. பெரிசா ஒண்ணுமில்லை, ஆனா பாக்காம விட்டா பெரிசாகும். உன் வீட்டுக்காரர் மூடிக்கு முத்தம் கொடுத்துக்கிட்டு இருக்கார்."

"அவர்கிட்ட நீயே சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்? கழட்டினதைக் கண்டுபிடிக்கிறாரா பாப்போம்."

கிளம்பினார்கள். ஊசி போடும் இடத்தில் சைரன் கத்திய கத்தலில் நர்ஸே பயந்துவிட்டாள். திரும்பும்போது தங்கை பின்னால் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விம்மல் இன்னும் அடங்கவில்லை. முதல் சிக்னலில் நின்றார்கள். இரண்டாவது சிக்னல் வருவதற்குள் விம்மல் நின்றது. அடுத்த தடவை தங்கை திரும்பிப் பார்த்தபோது குழந்தையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கை விரல்கள் விரிந்து கிடந்தன.

"அக்கா," என்றாள் தங்கை, உதடு மட்டும் அசைய. "தூங்கிட்டா."

ஆபீசர் கண்ணாடியில் பார்த்தாள். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் குழந்தை எழுந்திருக்கவில்லை. தங்கை மேலே போய்த் துணியைத் துவைத்து, உலர்த்தி, தலைக்குக் குளித்து, பல நாளைக்குப் பிறகு உட்கார்ந்து டீ குடித்தாள். கீழே காரில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஆபீசர் பின்சீட்டில் குழந்தையோடு இருந்தாள். அதுவரை அவள் அந்தக் குழந்தையை அழாமல் பார்த்ததே கம்மி. தூக்கினால் அழும், வைத்தால் அழும் என்று தூரமாக நின்றே பழகியவள். தங்கை இறங்கி வந்தபோது, சைரனின் விரல்கள் அவளுடைய ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிடித்திருந்தன. ஆபீசர் கை மரத்துப்போய், முதுகு வளைந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துக்க வேண்டியதுதானே விரலை?"

"முழிச்சிக்கும்."

அச்சு வேலையிலிருந்து வந்து தினமும் ஒரு தடவை பானட்டைத் திறந்து பார்ப்பான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது; புதுச் செருப்பு வாங்கினவன் காலைப் பார்க்கிற மாதிரி. அன்று திறந்தவன் மேலே வந்து கதவைத் தட்டுவதற்குப் பதிலாக இடித்தான்.

"கவர் எங்க?"

"டிக்கியில. ஆனா அதை விடு, இவ இன்னைக்குக் கார்ல தூங்கினா தெரியுமா? அப்படித் தூங்கினா!"

பாதி கோபமும் பாதி சந்தோஷமுமாக அவன் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. ஆயில் கசிவைப் பற்றிக் கேட்டதும் கோபம் கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்க்கத்தான் வேண்டும், பட்டறையில் கொடுத்து கேஸ்கெட்டை மாற்றிவிடலாம் என்று ஒத்துக்கொண்டான். ஆனால் கீழே போய்க் கவரை மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் சாயங்காலம் அச்சு ஓட்டினான். சைரன் கூரையைப் பார்த்தாள்.

"அதான் சொல்றேன்," என்றாள் ஆபீசர் போனில். "நீங்க பிரேக்கை அமுக்குற அமுக்குக்கு யாருக்குத் தூக்கம் வரும்? நான் ஓட்டினப்போ தூங்கினால்ல? என் டிரைவிங் அப்படி."

சனிக்கிழமை அவளே ஓட்டினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓட்டினாள். சைரன் கூரையைப் பார்த்தாள். வாசலில் வந்து நின்றதும் ஊரைக் கூட்டினாள். ஆபீசரின் முகம் அன்று போன போக்கை அச்சு ரொம்ப நாள் நடித்துக் காட்டினான்.

அதன் பிறகு ஆளுக்கொரு யோசனை. ஊசி போட்ட அலுப்பு என்றான் அச்சு. அன்றைக்குப் போட்ட பச்சைச் சட்டை என்றாள் எதிர்வீட்டுப் பெண்மணி. புதன்கிழமை எந்தப் பாட்டு ஓடியது என்று கேட்டார்கள், பாட்டே போடவில்லை. தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். அவள் வேலை செய்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முடிவு விசித்திரமாக வந்தால், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் பார்க்கக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். அவள் பச்சைச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். பால் கொடுக்கிற நேரத்தை மாற்றினாள். பின்னால் உட்கார்ந்தாள், முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள். ஒன்றுக்கும் சைரன் அசையவில்லை.

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதை நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் அக்காவையும் அழைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் அந்தத் தூணுக்குப் பின்னாடி போய் நில்லுங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

"என்ன இது, கண்ணாமூச்சியா?" என்றான் அச்சு.

"ஆமா. போ."

"வயசான காலத்துல எனக்கு இது தேவையா?" என்று ஆபீசர் முணுமுணுத்தாள். ஆனால் போய் நின்றாள். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஸ்கூலில் தண்டனை வாங்கின பிள்ளைகள் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பானட் திறக்கும் சத்தம் கேட்டது, எதையோ உருட்டும் சத்தம் கேட்டது, பானட் மூடும் சத்தம் கேட்டது. என்ன செய்தாள் என்று சொல்லவில்லை. "வண்டியை எடு," என்றாள்.

அவர்கள் அப்படிச் சில நாட்கள் போனார்கள். ஒருநாள் தூங்கினாள், ஒருநாள் தூங்கவில்லை, அடுத்த நாள் தூங்கினாள். தூணுக்குப் பின்னால் நிற்கும் நேரத்தில் அச்சுவும் ஆபீசரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள், வேறு வழியில்லையே. ஆலையில் நடந்த கூத்துகளை அவன் சொல்ல, பிரேக்கே இல்லாமல் சோதனைக்கு வந்த லாரியைப் பற்றி அவள் சொல்ல, தங்கை "வாங்க" என்று கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் ஒருநாள் நின்றிருந்தார்கள்.

கடைசியில் ஒரு சாயங்காலம், ஆற்றுப் பாலத்தின் ஓரமாகக் காரை நிறுத்தச் சொல்லி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கை உடைத்துச் சொன்னாள்.

"தூங்கின நாளெல்லாம் கவர் இல்லை. தூங்காத நாளெல்லாம் கவர் இருந்தது. ஒரு தடவைகூடத் தப்பலை."

பின்னால் சைரன் தூங்கிக்கொண்டிருந்தாள். காருக்குள் யாரும் பேசவில்லை. அப்போதுதான் மூவர் காதிலும் அது விழுந்தது. முன்னாலிருந்து மெல்லிசாக, சீராக, டிக் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். யாரோ பக்கத்து அறையில் தையல் எந்திரம் ஓட்டுகிற மாதிரி.

"இன்ஜெக்டர்," என்றான் அச்சு. "பெட்ரோலை உள்ள பீச்சுதுல்ல, அந்தச் சத்தம். கவர் போட்டா அது கேக்காது." ஒரு நொடி யோசித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. "அப்போ ஸ்பாஞ்ச் வேலை செய்யுது! பாத்தீங்களா அண்ணி? அழகுக்குன்னு சொன்னீங்களே, சத்தத்தை அப்படியே முழுங்கிடுது! உங்க தங்கச்சியே நிரூபிச்சிட்டா!"

"நிரூபிச்சா. கழட்டணும்னு நிரூபிச்சா. முதல் நாளே கழட்டச் சொன்னது யாரு?"

"நீங்க எலி வரும்னு சொன்னீங்க. குழந்தை தூங்கும்னா சொன்னீங்க?"

"காரணம் என்னவா இருந்தா என்ன, சொன்னேனா இல்லையா?"

"ரெண்டு பேரும் குரலைக் குறைங்க," என்றாள் தங்கை. "இல்லேன்னா கவரை உங்க வாயில மாட்டிடுவேன்."

கவர் வீட்டுக்கு வந்து, பீரோவின் மேல் குடியேறியது. சாயங்காலத்து அழுகை ஒரு வழிக்கு வந்தது. சைரன் காரில் தூங்குவாள், அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தொட்டிலில் போட்டாலும் கொஞ்ச நேரம் தூங்குவாள். வீட்டில் பேசிச் சாப்பிட முடிந்தது. எதிர்வீட்டுக்காரர், "என்ன, சைரன் ரிப்பேரா?" என்று அக்கறையாகவே விசாரித்தார். அச்சு பட்டறைக்குக் கொண்டுபோய் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு வந்தான். ஆபீசர் டார்ச் அடித்துப் பார்த்து, காய்ந்த இடத்தை விரலால் தடவி, விரலை மோந்து, "பாஸ்" என்றாள்.

ஆனாலும் அச்சுவுக்கு மனசு ஆறவில்லை. திறந்த எஞ்சினைப் பார்க்கும்போதெல்லாம், சட்டையில்லாமல் ரோட்டில் நிற்கிறவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரைக் கீழே இறக்கிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சத்தத்தை முழுங்குவது ஸ்பாஞ்ச். தூசியையும் தண்ணீரையும் தடுப்பது பிளாஸ்டிக். ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துவிட்டால்? குழந்தைக்குச் சத்தமும் கிடைக்கும், எஞ்சினுக்கு மூடியும் கிடைக்கும். ஒரு தட்டைக் கத்தியைச் சூடாக்கி, கிழியாமல், பொறுமையாக, முழு ஸ்பாஞ்சையும் ஒரே துண்டாக உரித்து எடுத்தான். கை வேலையில் அவன் கெட்டிக்காரன். கவரை மாட்டினான். சாயங்காலம் ஆபீசரையும் வரவழைத்தான்.

"இன்னைக்குப் பாருங்க. ரெண்டு கட்சிக்கும் வெற்றி."

கிளம்பிக் கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. டிக் டிக் கேட்டது. சைரனின் இமை தாழ ஆரம்பித்தது. அச்சு கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். முதல் சிக்னலில் சிவப்பு. கார் நின்றது. எஞ்சின் மெதுவாக ஓடியது. அப்போது ஸ்பாஞ்ச் இல்லாத பிளாஸ்டிக், தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல், அடியிலிருந்த குழாயின் மேல் மோதி ஆட ஆரம்பித்தது. கடகடகடகடகட. தகர டப்பாவில் பட்டாணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி. பக்கத்துக் காரிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சைரன் கண்ணை அகலமாகத் திறந்தாள்.

"போச்சு," என்றாள் தங்கை.

அடுத்து வந்தது அழுகை இல்லை. முதலில் அது என்னவென்றே அவர்களுக்குப் புரியவில்லை. விக்கல் மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு வயிறு குலுங்க, காலை உதைத்துக்கொண்டு, பல்லில்லாத வாயை முழுசாகத் திறந்து குழந்தை சிரித்தது. அதுவரை புன்னகைத்திருக்கிறாள், தூக்கத்தில் உதட்டைச் சுழித்திருக்கிறாள். சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பச்சை விழுந்து கார் நகர்ந்ததும் கடகட நின்றது, சிரிப்பும் நின்றது. "ம்?" என்பது போல அவள் அங்குமிங்கும் பார்த்தாள்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை! ஓரமா நிறுத்துங்க!" என்றாள் ஆபீசர்.

அச்சு ஓரம் கட்டினான். கடகடகடகட. சைரன் சிரித்தாள். அச்சு திரும்பி உட்கார்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. தங்கை குழந்தையைப் பார்ப்பதா, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற அக்காவைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆபீசர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

"இந்த மாதிரி சத்தத்தோட ஒரு வண்டி என்கிட்ட வந்திருந்தா," என்றாள் ஆபீசர், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உள்ளேயே விட்டிருக்க மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவர்களுக்குத் தூக்கம் வேண்டாம், சிரிப்புதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. சிவப்பு விழாதா என்று சிக்னலைத் தேடிப் போனார்கள். பிறகு சைரனுக்கே அது சலித்துவிட்டது. வேறு எதற்கெல்லாமோ சிரிக்கக் கற்றுக்கொண்டாள்: அச்சுவின் தும்மலுக்கு, கதவின் கிறீச்சுக்கு, பெரியம்மாவின் டார்ச் வெளிச்சம் கூரையில் ஓடுவதற்கு. அச்சு ஸ்பாஞ்சைத் திரும்பவும் பசை போட்டு ஒட்டினான். கவர் மறுபடி பீரோவின் மேல் ஏறியது.

மழை ஆரம்பித்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு காலையில் அச்சு கீழே போனபோது, கையில் கவரோடு ஆபீசர் காருக்குப் பக்கத்தில் நின்றாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில், பீரோவின் மேலிருந்து அதைத் தங்கையிடம் சொல்லி எடுத்து வந்திருந்தாள்.

"என்ன அண்ணி, நீங்களா?"

"நேத்து வந்த வண்டியில ரெண்டு, தண்ணி தெறிச்சு நின்னுபோச்சு, கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க. மழை முடியற வரைக்கும்தான். அப்புறம் கழட்டிடணும்." நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி மாட்டினாள். "கிளிப் நல்லாத்தான் பிடிக்குது," என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

அச்சு பானட்டை மூடினான். அவனுக்கு அன்று முழுக்க வேலையில் சிரிப்பாகவே இருந்தது.

கவர் போட்டால் குழந்தை என்ன செய்யுமோ என்று தங்கை பயந்தாள். சைரன் ஒன்றும் செய்யவில்லை. கவர் போட்ட காரிலும் தூங்கினாள், தொட்டிலிலும் தூங்கினாள், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் மடியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். டாக்டர் சொன்ன மாதிரி தானாகவே சரியாகப் போயிருந்தது. மழைச் சத்தம் என்றாள் ஆபீசர். இருக்கலாம் என்றாள் தங்கை. அதைச் சோதித்துப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

விடுப்பு முடிந்தது. குழந்தையை யாரிடம் விடுவது என்று அவர்கள் பேச்செடுத்தபோது, ஆபீசர் தன்னுடைய சேர்த்து வைத்த லீவு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். "வருஷக்கணக்கா எடுக்காத லீவு. கெட்டுப்போகுது," என்றாள். மறுபேச்சுக்கு இடமே வைக்கவில்லை.

முதல் நாள் காலை. அச்சு விடிவதற்கு முன்பே ஆலைக்குப் போய்விட்டான். ஆபீசர் ஓட்ட, தங்கை பின்னால் சைரனோடு உட்கார்ந்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தின் வாசலுக்கு வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. தங்கை அதன் நெற்றியில் உதட்டை வைத்து எடுத்தாள். பால் பாட்டில் எங்கே, மாற்றுத் துணி எங்கே, அழுதால் எப்படித் தட்ட வேண்டும் என்று மூன்றாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இறங்குடி," என்றாள் அக்கா. "எனக்குத் தெரியும். கதவை மெதுவா மூடு."

மெதுவாக மூடினாள். தோளில் பை, மார்பில் பழைய அடையாள அட்டை. படிக்கட்டில் நின்று பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தாள். கார் வாசலைவிட்டு இறங்கி, தெரு முனையில் நின்றது. வீட்டுக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். இடது பக்க விளக்கு மின்னியது. போக்குவரத்தில் ஒரு இடைவெளி கிடைத்ததும், ஆபீசர் நிதானமாக இடது பக்கம் திரும்பி, ஆற்றை நோக்கிப் போனாள்.

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே வரிசையில் ஆட்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டாள்.